ரெண்டாவது ரிமோட்

செய்யாற்றில் தண்ணீர் ஏறித் தரைப்பாலம் முங்கிப்போனதால் அன்றைக்குக் கம்பெனி வேன் வரவில்லை. டிரைவர் விடிகாலையிலேயே குரூப்பில் போட்டிருந்தான். ஜெயப்பிரியா அதைப் பார்ப்பதற்குள் குளித்து, யூனிபார்ம் மாட்டி, டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தை அடைத்துவிட்டிருந்தாள். செய்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றாள். காவாந்தண்டலத்தில் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஐப்பசி மழை நேற்று ராத்திரியிலிருந்து விடாத மழையாகிவிட்டது. எதிர்வீட்டு வைக்கோல் போரின் மேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் நிறைந்து நிறைந்து வழிந்தது.

ஓரகடம் பக்கத்தில் காருக்கான எலெக்ட்ரானிக் போர்டு செய்கிற கம்பெனி அது. அவளுக்கு ரீவொர்க் டேபிள். மெஷின் சரியாகப் பற்றவைக்காமல் விட்ட போர்டுகள் அவளிடம் வரும். பெரிய லென்ஸுக்குக் கீழே வைத்து, ஈயம் வெடித்த இடத்தைக் கண்டுபிடித்து, திரும்பச் சூடு காட்டி ஒட்டி அனுப்ப வேண்டும். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் சேர்ந்த வேலை. புருஷன் வேதகிரி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மாமனார் காலமாகிவிட்டார். வீட்டில் அவளும் மாமியார் பவளமும்தான்.

பவளம் இருட்டு விலகுவதற்கு முன்பே மண்வெட்டியோடு கழனிக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டியிருந்தாள். முந்தானை முடிச்சில் கொஞ்சம் கெண்டைப்பொடி துள்ளிக்கொண்டிருந்தது.

"வேன் வரலியா?" என்றாள், கொங்காணியை உதறிக்கொண்டே.

"ஆத்துல தண்ணி அத்த. பாலம் தெரியலியாம். பயிரு எப்பிடி கீது?"

"நுனி ஒண்டி தெரிது. வரப்ப வெட்டி வுட்டுட்டு வந்தேன். பக்கத்துக் கழனிக்காரன் கத்திக்கினே கீறான், தண்ணி அவன் மேல பாயுதாம். நான் இன்னா பண்றது, மடியில கட்டிக்கினா வர முடியும்."

மண்சட்டியில் மீனைக் கொட்டிக் கல்லுப்பைப் போட்டு உரசத் தொடங்கினாள். ஜெயப்பிரியா யூனிபார்மை அவிழ்த்து மாட்டிவிட்டு, நைட்டியோடு வந்து அம்மியில் மிளகாயும் மல்லியும் வைத்தாள். மழை பெய்தால் மிக்ஸி போடுவதற்குப் பவளம் விடமாட்டாள், ஷாக் அடிக்கும் என்று பயம். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். தாழ்வாரத்து ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர் தவலையில் நிறைந்து தரையில் ஓடிற்று.

"தை மாசம் அறுப்புக்கு மிஷினுக்கு இப்பயே சொல்லி வெச்சிட வேண்டியதுதான்" என்றாள் பவளம். "அவன் வந்து பாத்துப்பான்னு கீறதுக்கு இல்ல. இன்னும் ரெண்டு வருசம் கீறேன்னு சொல்ட்டானே."

குழவி நின்றது.

"யாரு?"

பவளம் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கை தானாக மீனை விட்டது.

"இன்னாமே, உங்கிட்ட சொல்லலியா?"

"எங்கிட்ட பொங்கலுக்கு வந்துடறேன்னு சொன்னாரு. இனிமே போவ மாட்டேன்னு சொன்னாரு."

"புதங்கெழம போன் பண்ணான். நீ ஷிப்டுல கீற. கம்பெனில திரும்பக் கேக்குறாங்களாம், சரின்ட்டேன்னான். உங்கிட்ட சொல்லிட்டுதான் எங்கிட்ட சொல்றான்னு நெனச்சேன் நானு." பவளம் மீனைத் திரும்பக் கையில் எடுத்து, "வாய் வந்திருக்காது அவனுக்கு" என்றாள்.

ஜெயப்பிரியா குழவியைத் திரும்ப இழுத்தாள். மசாலா எப்போதோ மசிந்துவிட்டது. அதன் மேலேயே இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு வழித்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டூலைப் போட்டுப் பரண் மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள்.

அதில் இருந்தது ஒரு டிவி கேம். வேதகிரி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் அப்பா காஞ்சிபுரத்தில் வாங்கித் தந்தது. சாம்பல் நிறப் பெட்டி, நடுவில் கேசட் சொருகுகிற வாய், முன்பக்கம் ரிமோட் மாட்டுவதற்கு இரண்டு ஓட்டைகள். ஜெயப்பிரியா அதைத் தன் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தாள்.

ஆவணியில் கல்யாணம். கார்த்திகையில் அவன் மஸ்கட் போனான். நடுவில் இருந்தது எல்லாம் மழை மாதம். கழனியில் வேலை இல்லை. வெளியே எங்கும் போக வழியில்லை. பழக்கமில்லாத ஒரு ஆளோடு அறையில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் இருந்தபோது, அவன் பரணிலிருந்து இதை இறக்கினான். டாங்கி கேம். இரண்டு பேர் இரண்டு டாங்கியை ஓட்டி, செங்கல் சுவருக்குள் இருக்கும் கொடியைக் காப்பாற்ற வேண்டும். அவள் முதலில் எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டாள். "அங்க போவாத, எம் பின்னாடியே வா" என்பான். அவன் பின்னாலேயே போனாள். இரண்டொரு வாரத்தில் கொடிப் பக்கம் அவள், முன்னால் அவன் என்று ஆகிவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டதெல்லாம் அப்படித் திரையைப் பார்த்துப் பேசித்தான் தீர்ந்தது. அவன் ஊரிலிருந்து கிளம்புகிற வாரத்தில் ரெண்டாவது ரிமோட் பழுதாயிற்று.

"கழட்டாத. நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் லீவில் வந்தபோது எதையோ ஸ்பிரே அடித்துத் துடைத்தான். அடுத்த லீவில் உத்திரமேரூர் பஜாரில் சேட்டு கடையிலிருந்து பற்றவைக்கிற இரும்பை இரவல் வாங்கிவந்து உட்கார்ந்தான். சரியாகவில்லை. அதற்குள் அவள் ரீவொர்க் டேபிளில் கை தேர்ந்திருந்தாள். "எங்கிட்ட குடு மாமா, பாக்குறேன்" என்றாள். "வேணாம், இது எங்கப்பா வாங்கிக் குடுத்தது, நானே பாத்துக்கிறேன்" என்றான். மூன்றாவது முறை அந்த அப்பாவின் சாவுக்கு வந்தான். காரியம் முடிந்ததும் போய்விட்டான். பெட்டியை இறக்கவே இல்லை.

அந்த மூன்று வருகைகளுக்கு நடுவில்தான், குழந்தைக்காகப் போய்ப் பார்த்த காஞ்சிபுரத்து டாக்டரம்மா சொன்னதும். "ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான்மா டெஸ்ட் எடுக்க முடியும்." ஜெயப்பிரியா தலையாட்டிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போகிற நாள் வரவில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது.

அவள் டிவியை ஒட்டிப் பாயை விரித்து உட்கார்ந்தாள். வீட்டிலேயே ஒரு சால்டரிங் அயர்னும் மஞ்சள் மீட்டரும் வைத்திருந்தாள். தெருவில் கொசு பேட், டார்ச் லைட் எது நின்றாலும் அவளிடம்தான் வரும். முதலில் பெட்டியைக் கழற்றாமல் டிவியில் மாட்டிப் போட்டுப் பார்த்தாள். படம் வந்தது. ஒன்றாவது ஓட்டையில் ஒன்றாவது ரிமோட், நன்றாக ஓடியது. அதே ஓட்டையில் ரெண்டாவது ரிமோட்டை மாட்டினாள், அதுவும் ஓடியது. பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி ரெண்டாவது ஓட்டையில் சொருகிப் பார்த்தாள். எந்த ரிமோட்டைப் போட்டாலும் ஒரே கதைதான். மேலே கீழே பட்டன்கள் எதற்கும் டாங்கி அசையவில்லை. ஏ பட்டனை அமுக்கினால் மட்டும் எல்லா பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கின மாதிரி துடித்தது, ஆட்டம் நின்றுபோனது.

பவளம் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, முருங்கைக்கீரையோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். வேறு நாளாக இருந்தால், மழையில் டிவி போடாதே என்று சத்தம் போட்டிருப்பாள். இன்றைக்குச் சொல்லவில்லை.

"கெட்டுப்போனதா அது?"

"ரிமோட்டு நல்லா கீது அத்த. மாட்டுற ஓட்டதான் பேஜாரு."

"எப்பிடித் தெரியும்?"

"மாத்தி மாத்திப் போட்டனே. ரிமோட்ல கோளாறு இருந்தா அது எந்த ஓட்டைக்குப் போனாலும் கூடவே போவும். இது ஓட்டையிலயே நிக்குது."

பவளம் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு அது புரிந்தது. "மாட்டுக்குக் காச்சலா, கட்டுற எடம் சரியில்லையான்னு பாக்கிற மாதிரி" என்றாள்.

ஜெயப்பிரியா ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே பல்லிப் புழுக்கையும் செத்த எறும்பும். பழைய பல்துலக்குகிற பிரஷ்ஷால் துடைத்தாள். லென்ஸ் இல்லை. போன் கேமராவைப் பெரிதாக்கிக் காட்டி, ஓட்டைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பின்களின் அடியைப் பார்த்தாள். மீட்டரின் ஒரு முனையை ஒன்றாவது ஓட்டையின் பின்னில் வைத்து, அது போர்டில் எங்கே போய்ச் சேர்கிறது என்று மறுமுனையால் தேடினாள். பீப் கேட்ட இடத்தை மனசில் வைத்துக்கொண்டாள். ரெண்டாவதிலும் அதே போல் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்தபோது போன் அடித்தது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. துணி துவைத்து முடித்துக் கட்டிலின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தான். பின்னால் கயிற்றில் லுங்கிகள் தொங்கின. யாரோ குறட்டை விடுகிற சத்தம் கேட்டது.

"இன்னா, வூட்லயா கீற? வேன் வரலியா?"

"ஆத்துல தண்ணி."

"நாஷ்டா துன்னியா?"

"உம்."

"கையில இன்னா அது?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். பிளந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏய், அத ஏன் கழட்டுன? நான் வந்து பாத்துக்கிறேன்னு சொன்னேன் இல்ல."

"எப்ப?" என்றாள் ஜெயப்பிரியா.

அம்மா நிலைப்படியில் இருப்பது திரையின் ஓரத்தில் அவனுக்குத் தெரிந்தது. பவளம் கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அந்த ஓட்டைக்குக் கரண்டே போவாது ஜெயா. அதான் கோளாறு" என்றான் கடைசியில்.

"போவுது. மீட்டர் வச்சிப் பாத்துட்டேன். ரெண்டுக்கும் ஒரே மாதிரி வருது."

"அப்ப உள்ள ஐசி பூட்டிருக்கும். அது கெடைக்காது."

"ஐசி பூட்டிருந்தா ஏ பட்டன் எப்பிடி கேக்கும்? இதப் பாரு மாமா. பொட்டிக்கு ரிமோட்ல எத்தினி பட்டன் இருந்தாலும் பதில் வர்றதுக்கு வயரு ஒண்ணுதான். ஏ அமுக்குனியா, பி அமுக்குனியா, மேல அமுக்குனியான்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கினே வரும். அடுத்தது அடுத்ததுன்னு சொல்றதுக்கு இன்னொரு வயரு. அந்த வயரு அறுந்தா மொத பட்டன்லயே நின்னுடும். அதையேதான் எல்லாத்துக்கும் பதிலா எடுத்துக்கும். ஏ அமுக்குனா எல்லாம் அமுக்குன மாதிரி ஆவுது இல்ல, அதான்."

"இத்த யாரு சொன்னா?"

"கேன்டீன்ல யூடியூபு பாப்பேன். எல்லாரும் சீரியல் பாக்கும்போது."

வேதகிரி சிரித்தான். "ரொம்பத்தான் கத்துக்கினு கீற" என்றான். சொன்னதில் பெருமை இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று கோபமும் வந்தது. மீட்டர் முனையை அடுத்த பின்னுக்கு நகர்த்தினாள். பீப் வரவில்லை. திரும்ப அழுத்தி வைத்தாள். வரவில்லை.

"தோ, கெடைச்சிட்டுது" என்றாள். கேமராவை அருகே கொண்டுபோனாள். "இன்னா மாமா இது, பல்லி முட்ட மாதிரி ஈயம் வச்சிருக்க?"

"நான்தான் வச்சேன். அதுக்கு இன்னா?"

"சூடு ஜாஸ்தி காட்டிட்ட. அடியில இருந்த செம்புக் கோடு பேத்துக்கினு வந்துட்டுது."

"அப்ப நான்தான் கெடுத்தனா?"

"மொதல்ல லேசா வெடிச்சிதான் இருந்திருக்கும். நீ ஒயுங்கா கெடுத்துட்ட."

மூன்று பேருமே சிரித்தார்கள். பவளம் கூட. சிரித்து முடித்ததும் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அத்தகிட்ட சொன்னியாமே" என்றாள் ஜெயப்பிரியா.

"இன்னும் அக்ரிமெண்ட்ல எழுத்து போடல" என்றான். "மாசக் கடைசிலதான். போட்டுட்டு சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா நீ அழுவ. உன்ன அழ வச்சிட்டு எழுத்து போட முடியாது எனக்கு."

"நான் எப்ப அழுதேன்?"

"அழுதது இல்ல. அதான் பயமா கீது."

அவள் அயர்னை ப்ளக்கில் சொருகினாள்.

"அங்க வந்து நான் இன்னா பண்றது சொல்லு" என்றான் அவன். "உங்க கம்பெனிலயே பாரு, இருவது வயசுப் பசங்கதான் வோணும்ன்றான். எனக்கு தலை நரைச்சிட்டுது. கழனி வேல பாத்து எவ்ளோ நாளாவுது, இடுப்பு வளையுமா. மேல்மாடி ரூமு பாதி கட்டி கம்பியோட நிக்குது. வந்து சும்மா உக்காந்துகினு இருந்தா ஊரே..."

மின்சாரம் போய்விட்டது. வைஃபையும் அதோடு போயிற்று. திரையில் அவன் வாய் பாதி திறந்தபடி நின்று, பிறகு அணைந்தது.

பவளம் எழுந்துபோய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். கேழ்வரகுக் களி, கெண்டைப்பொடிக் குழம்பு, கீரை. ஜெயப்பிரியா களியைக் குழம்பில் தொட்டுத் தொட்டு விழுங்கினாள். சின்ன மீனில் முள் பார்த்துத் தின்ன வேண்டிய வேலை இருந்ததால் பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

"அவங்கப்பன் இருந்தாரு" என்றாள் பவளம் திடீரென்று. "ஒரு நாளும் ஊரத் தாண்டிப் போவல. ராத்திரி பகலு எங்கூடதான் சண்ட. இந்த மனுசன் எங்கியாவது போனா தேவலன்னு நெனச்சிருக்கேன் நானு." களியை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "உனக்கு அதுகூட இல்ல, சண்ட போடறதுக்கு. நான் ஒண்ணு சொல்லட்டா? அவன வரச்சொல்ல நான் யாரு. எம் புள்ள சம்பாரிச்சாத்தான் வூடு நிக்கும்னு சொல்லிச் சொல்லி வளத்தவ நான்தான். நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். இன்னும் ரெண்டு வருசம் துட்டு அனுப்பத்தான் பாப்பான்."

ஜெயப்பிரியா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் எல்லாரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். ஒண்டியாக இருந்து சமாளிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், மாமியாரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், போனில் ஒரு குறை சொல்லமாட்டாள். அவனும் அப்படித்தான் நண்பர்களிடம் சொல்வானாம். கேட்கக் கேட்க அவள் அதைக் காப்பாற்றப் பழகிக்கொண்டாள். வா என்கிற சொல்லை அவள் ஒரு தடவை கூட அவனிடம் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்ப வருவே என்று கேட்டிருக்கிறாள். அது வேறு.

மின்சாரம் வந்தபோது மழை கொஞ்சம் தணிந்திருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அவன் வைத்த ஈயத்தை உருக்கி எடுத்தாள். ஒரு குண்டு போல உருண்டு வந்தது. பேர்ந்துபோன செம்புக் கோட்டைச் சின்னக் கத்தியால் சுத்தம் செய்தாள். அது போர்டில் உயிரோடு இருக்கும் இடம்வரை பச்சைப் பூச்சைச் சுரண்டினாள். வீணாய்ப்போன சார்ஜர் ஒயரிலிருந்து ஒற்றை இழையை உருவி, பின்னின் அடியிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு பாலம் கட்டினாள். அதோடு விடவில்லை. இரண்டு ஓட்டைகளின் எல்லாப் பின்னுக்கும் ஒருமுறை சூடு காட்டி ஈயத்தைப் பளபளவென்று உட்காரவைத்தாள். கம்பெனியில் அப்படித்தான் பழக்கம், ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கத் தயாராக இருக்கும். கொதிக்கிற பிசின் வாசனை அறை முழுக்கப் பரவியது. மீட்டர் வைத்துப் பார்த்தாள். பீப் என்றது.

போன் திரும்ப அடித்தது. அவள் அதைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தினாள். வேதகிரி விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. "ஆச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"பாக்கலாம். ஆடறதுக்கு இன்னொரு ஆளு வோணும்." அவள் திரும்பினாள். "அத்த, இங்க வா."

"எனக்கு இன்னா தெரியும்?"

"வா சொல்றேன். இது சுடறது. இது போறது."

பவளம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்றாவது ரிமோட்டைக் கோழிக்குஞ்சு பிடிப்பது போல் பிடித்தாள். ஜெயப்பிரியா ரெண்டாவது ரிமோட்டை எடுத்தாள். மேல் பட்டனை அமுக்கினாள். அவளுடைய பச்சை டாங்கி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, மேலே நகர்ந்தது. இடது, வலது, கீழே, எல்லாம் கேட்டது.

"ஓடுது" என்றான் வேதகிரி மெதுவாக. "ஓடுது ஜெயா."

பவளத்தின் டாங்கி நின்ற இடத்திலேயே சுற்றியது. செங்கல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சுடத் தொடங்கினாள்.

"எம்மா, அது நம்ம கொடி. அத்த சுடாத" என்று கத்தினான் மகன் மஸ்கட்டிலிருந்து.

"நம்மளுதா? அப்ப ஏன்டா என் எதிர்ல கீது?"

"திருப்பும்மா, டாங்கிய திருப்பு."

"எப்பிடித் திருப்புறது? இவ வந்து வயில நின்னுக்கினு கீறா."

"அவ கொடியக் காப்பாத்துறாம்மா. உங்கிட்டேருந்து."

பவளம் இன்னொரு முறை அமுக்கினாள். கொடி சிதறியது, ஆட்டம் முடிந்தது. வேதகிரி அடக்க முடியாமல் சிரித்தான். அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஆள் ஏதோ மலையாளத்தில் திட்டுவது கேட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், தோள் குலுங்கியது. தோள் குலுங்குவது நிற்கவில்லை. பிறகு அவன் போனைக் கட்டிலில் வைத்துவிட்டான். திரையில் அவன் இல்லை. மேலே சுற்றுகிற ஃபேன் மட்டும் தெரிந்தது.

"மாமா" என்றாள் ஜெயப்பிரியா.

ஃபேன் சுற்றியது.

"மாமா, வந்துடு. எழுத்து போடாம வா. ரூமு அப்டியே நிக்கட்டும். அத்தைக்கோசரம் வர வேணாம், கழனிக்கோசரம் வர வேணாம். எனக்கோசரம் வா. என்னால ஆவல."

பவளம் ரிமோட்டைத் தரையில் சத்தம் வராமல் வைத்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிவிட்டு, கொங்காணியைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் மழையில் இறங்கிப் போனாள்.

வெகுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. "நெட்டு சரியில்ல ஜெயா. கட் ஆவுது."

"கட் ஆவல. ஃபேன் சுத்துறது தெரிது."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கேட்டுச்சி" என்றான். போனை வைத்தான்.

அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் போன் செய்தான். சாப்பிட்டாயா, வேன் நேரத்துக்கு வந்ததா, மாடு சினை பிடித்ததா என்று கேட்டான். மாசக் கடைசி வந்து போனது. எழுத்துப் போட்டாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பவளம் ஒருமுறை கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றான். மார்கழிப் பனியில் பயிர் தேறிக்கொண்டது. பொங்கலுக்கு அவன் வரவில்லை. மாட்டுப் பொங்கலன்று வீடியோவில் மாட்டைப் பார்த்தான், கொம்புக்கு நீலம் அடித்தது நன்றாயில்லை என்றான். அன்றைக்கு அவள் பாத்திரம் தேய்க்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். வா என்று சொல்லாமலே இருந்திருந்தால் இந்த வலி இருந்திருக்காது என்று தோன்றியது. தையின் கடைசியில் மிஷின் வந்து அறுத்தது. பவளமும் அவளும் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்து, காலால் கிளறிக் கிளறி, மூட்டை பிடித்தார்கள். வேலை அதிகமாக இருந்ததால் அந்த நாட்கள் போனதே தெரியவில்லை.

மாசியில் ஒரு சாயங்காலம், வேன் மெயின் ரோட்டில் நின்றபோது, கூட வேலை செய்கிற ஷீபா ஜன்னலோரத்திலிருந்து அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, அங்க பாரு. உங்க வூட்டுக்காரு மாதிரி இல்ல?"

டீக்கடை ஓரமாக வேதகிரி நின்றிருந்தான். ஒரே ஒரு பை. ஒவ்வொரு தடவையும் கூட வரும் பெரிய அட்டைப்பெட்டிகள் இல்லை. போனில் தெரிந்ததைவிட ஒல்லியாக இருந்தான். முன்தலை ஏறிப்போயிருந்தது. வேனிலிருந்த பெண்கள் எல்லாரும் பார்ப்பது தெரிந்து, கையிலிருந்த டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜெயப்பிரியா இறங்கினாள். வேன் கிளம்பிப் போனது. அவன் லீவில் வரும் ஒவ்வொரு முறையும் அவள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் மிச்ச நாளை எண்ணி எண்ணிச் செலவு பண்ண முடியும். பழக்கத்தில் அதுவே வாயில் வந்தது.

"எப்ப போவணும்?"

"எங்க?" என்றான் வேதகிரி.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னா வேல பண்றதுன்னு தெரியல இன்னும்" என்றான். "காஞ்சிவரத்துல ஒரு ஏசி கடைல கேட்டு கீறேன். பாக்கலாம்ன்றாரு. கெடைக்குமோ, கெடைக்காதோ."

"டீய குடி. ஆறிடும்."

அவன் குடித்தான். அவள் அவன் பையை எடுத்துக்கொண்டாள். அவன் பிடுங்கப் பார்த்தான், அவள் தரவில்லை. கால்வாயை ஒட்டிய மண்பாதையில் நடந்தார்கள். அறுத்துப்போட்ட கழனிகளில் தாளடிக்குள் கொக்குகள் நின்றன. அவன் நடை வேகமாக இருந்தது. தனியாகவே நடந்து பழகின நடை. கொஞ்ச தூரத்தில் அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டான். பிறகு பக்கத்தில் ஆள் இல்லாததை உணர்ந்து நின்றான். அவள் வந்து சேர்ந்ததும் நடந்தான். தன்னை அறியாமல் மறுபடியும் முன்னால் போனான். மறுபடியும் நின்று, திரும்பி, அவள் வருவதற்காகக் காத்திருந்தான்.